ஊசலைக் காணாமலே ஊசல் கேள்விக்கு முழுப் புள்ளி

எங்களில் நாலு பேர் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள். நாலு பேருக்கும் எளிய ஊசல் பரிசோதனை தண்ணீர் பட்ட பாடு. ஏன் ஒரு அலைவை அளக்காமல் இருபத்தைந்து அலைவுகளை அளக்க வேணும் என்று கேட்டால், "நேரத்தின் பின்ன வழுவைக் குறைப்பதற்கு" என்று நித்திரையிலும் சொல்லுவோம். ஆனால் ஊசலைக் கையால் ஆட்டிப் பார்த்தது எங்களில் ஒராள் மட்டும்தான். மற்ற மூன்று பேரும் டியூசன் நோட்ஸ், கடந்தகால வினாத்தாள், புள்ளித்திட்டம் ஆகியவற்றை மட்டும் வைத்து விடை எழுதி வந்தவர்கள்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உயர்தரப் பௌதிகவியல் இரண்டாம் பத்திரத்தில் அமைப்புக் கட்டுரை வினாக்கள் பரிசோதனைகளைப் பற்றித்தான் வருகின்றன. அப்படிக் கேட்டால் பிள்ளைகள் ஆய்வுகூடத்துக்குப் போவார்கள் என்று நினைக்கலாம். நடந்தது வேறு. பரிசோதனையும் பாடமாக்குகிற பாடமாகப் போய்விட்டது. பாடத்திட்டம் முடிக்க நேரம் காணாது. உபகரணம் உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம் வேறு. அதனால் அலுமாரி பூட்டியே கிடக்கிறது.

போன விடுமுறையில் எங்கட ஊர் வாசிகசாலையில் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் கொஞ்சப் பேரோடு ஒரு காலைப்பொழுது இருந்தோம். தையல் நூல், ஒரு இரும்புப் பூட்டு, அளவு நாடா, போனில் இருக்கிற நிறுத்தற்கடிகாரம். இவ்வளவும்தான் சாமான். சூத்திரத்தை நாங்கள் சொன்னோம். எப்படி அளப்பது என்று சொல்லவில்லை. புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கண்டுபிடியுங்கோ என்று விட்டுவிட்டோம்.

முதல் குழுவுக்கு 39 வந்தது. போனதை ஒன்று, வந்ததை இரண்டு என்று எண்ணியிருக்கிறார்கள். போய்த் திரும்பி வந்தால்தான் ஒரு அலைவு என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. விடை 9.8இன் நாலு மடங்காக நிக்குதே என்று யோசித்து அவர்களே பிடித்தார்கள். அடுத்த குழுவுக்கு 10.8. பூட்டை விடும்போதே "ஒண்டு" என்று எண்ணத் தொடங்கியதால் இருபது அலைவு என்று நினைத்தது உண்மையில் பத்தொன்பது. "விடேக்க பூச்சியம் எண்டு எண்ணவேணும்" என்று கத்தினது அந்தக் குழுவில் அதுவரை வாய் திறக்காத பெடியன்.

பெரிய சண்டை நூலின் நீளத்தில் வந்தது. பூட்டின் எந்த இடம் வரைக்கும் அளப்பது? கொளுக்கி வரையா, அடி வரையா, நடு வரையா? நடு எங்கே இருக்கிறது? அப்போது ஒரு பிள்ளை சொன்னாள்: "நடு எங்க எண்டு எங்களுக்குத் தெரியத் தேவையில்ல அண்ணா. நூலை நாப்பது சென்ரிமீற்றர் குறைச்சுப்போட்டுத் திரும்ப அளப்பம். குறைச்சது எவ்வளவு எண்டு சரியாத் தெரியும் தானே?"

இரண்டு அலைவு காலங்களின் வர்க்கங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் பூட்டின் நடு கணக்கிலிருந்து வெட்டுப்பட்டுப் போகிறது. நாங்கள் திகைத்துப் போனோம். வரைபு கீறிப் படித்திறன் எடுக்கச் சொல்வது எதற்கு என்று எங்களுக்கே அன்றைக்குத்தான் வடிவாக விளங்கியது. அந்தப் பிள்ளைக்கு உயர்தரப் பரிசோதனையின் உயிர்நாடி, உயர்தரத்துக்குப் போக முதலே கிடைத்துவிட்டது.

ஆக்கத்திறன் என்றால் கண்காட்சிக்கு ரெஜிபோமில் எரிமலை செய்வது, அதை அப்பா ஒட்டிக் கொடுப்பது, கடைசியில் சான்றிதழோடு படம் எடுப்பது என்று ஆகிவிட்டது. எங்களுக்கு அது இதுதான்: தனக்கு வந்த பிழையான விடையை அழிக்காமல் வைத்துப் பார்ப்பதும், ஒருவரும் காட்டாத வழியைத் தேடுவதும்.

அப்படித் தேடுவது எங்கட ஆக்களுக்குப் புதிதில்லை. 90களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணம் இருந்தபோது, மின்சாரமும் பற்றரியும் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு விளக்குச் செய்து படித்தார்கள். அந்த வறுமையைக் கொண்டாடச் சொல்லவில்லை. தடை திணித்த வேலை அது. ஆனால் 1831இல் பரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் அன்றைக்கு வீட்டு முற்றத்தில் சுழன்றது. இன்றைக்கு அதே விதியைப் பிழையில்லாமல் எழுதுகிற எங்களில் எத்தனை பேர் ஒரு டைனமோவைக் கழற்றிப் பார்த்திருக்கிறோம்?

"உதெல்லாம் சரி, சோதினைக்கு உதவுமோ?" என்று ஒரு அம்மா கேட்டா. நியாயமான கேள்வி. காசில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கம்பசுக்குப் போக இருக்கிற ஏணி இந்தப் பரீட்சைதான். அதைத் தூக்கி எறியச் சொல்ல எங்களுக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் ஊசலை ஆட்டின பிள்ளைக்குப் புள்ளித்திட்டத்தைப் பாடமாக்குவது இன்னும் சுகம். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் தடுமாறுவது பாடமாக்கின பிள்ளைதான்.

நாங்கள் கேட்பது பெரிய விசயமில்லை. தவணைக்கு ஒரு பரிசோதனையாவது, முறையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காமல் செய்ய விடுங்கள். கணித பாடத்தில் விடை சரியா என்று பார்த்த பிறகு, வேறு வழியில் செய்தவர் யாரும் இருக்கிறீர்களா என்று கேளுங்கள். கணினி வகுப்பில் தந்த நிரலைப் பார்த்து எழுதுவதோடு நிற்காமல், வீட்டுக் கடையின் கடன் கொப்பிக்கு ஒரு சின்ன நிரல் எழுத விடுங்கள். உடைந்த உபகரணத்துக்கு ஆசிரியரைப் பொறுப்பாக்காதீர்கள். அலுமாரியைத் திறவுங்கள்.

அன்றைக்கு வாசிகசாலையைப் பூட்டப் போகும்போதுதான் ஞாபகம் வந்தது, பூட்டு இன்னும் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற விடாமல் இரண்டு பேர் நின்றார்கள். பெரிய வீச்சில் ஆட்டினால் நேரம் மாறுமா என்று பார்க்க வேணுமாம். நாங்கள் விடை சொல்லவில்லை. கதவைப் பூட்ட அரை மணித்தியாலம் பிந்தியது.