மதியச் சாப்பாட்டுக்கு ஆள் தேடித் தாற செயலி



வேலையிடத்துத் தனிமையைக் குறைக்கிற செயலிகளைப் பற்றி இந்தக் கிழமை எபிசோடில கதைச்சனாங்கள். அங்க சொல்ல நேரம் போதாமல் போன என்ர கருத்தை இங்க எழுதுறன். இந்தச் செயலிகள் எனக்குப் பிடிக்கும். கனக்க கொம்பனிகள் அதைப் பாவிக்கிற விதம்தான் பிடிக்கேல்லை.

இது சின்னப் பிரச்சினை இல்லை. 2023 டிசம்பரில் ஜெர்மன் அரசு தனிமைக்கு எதிராக ஒரு தேசியத் திட்டத்தையே கொண்டுவந்தது. 2024 மே மாதம் வெளிவந்த அரச ஆய்வின்படி, 2017இல் 7.6 சதவீதமானோர் கூடுதலான தனிமையை உணர்ந்தார்கள். கொரோனா வந்த 2020இல் அது 28.2 ஆனது. 2021இல் 11.3க்கு இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பேல்லை. இண்டைக்கு ஜெர்மனியில ஏறக்குறைய கால்வாசி ஆக்கள் ஒரு பகுதி நேரமாவது வீட்டிலிருந்து வேலை செய்யினம். பக்கத்துக் கதிரை வெறுமையா இருக்கிறது இப்ப வழமையாப் போச்சு.

இங்கதான் செயலி வருது. மியூனிக்கைச் சேர்ந்த மிஸ்டரி மைண்ட்ஸின் ‘மிஸ்டரி லன்ச்’, ஸ்லாக்குக்குள்ள ஓடுற ‘டோனட்’ எல்லாம் ஒரே யோசனைதான். நீங்கள் பதிஞ்சால், வேற பிரிவில இருக்கிற ஒருத்தரோட உங்களைச் சோடி சேர்க்கும். இரண்டு பேரும் சாப்பிடலாம், இல்லாட்டி கோப்பி குடிக்கலாம்.

இதில நல்ல விஷயம் என்னெண்டால், முதல் அடியைச் செயலி எடுத்து வைக்குது. எங்களில கனபேர் தங்கட பிரிவில ஒரேயொரு தமிழ் ஆள். தெரியாத ஒருத்தரிட்டப் போய் “சாப்பிட வாறீங்களோ?” எண்டு கேட்கிறது லேசில்லை. செயலி கேட்டால் இரண்டு பக்கமும் கூச்சம் இல்லை. “எஸ்ஸன்” எண்டு பதில் சொன்ன பிறகும் “இல்லை, உண்மையா எங்க இருந்து?” எண்ட கேள்வி வரலாம்தான். ஆனாலும் தனிய இருந்து சாப்பிடுறதை விட அது நல்ல தொடக்கம்.

பிறகு என்ன பிரச்சினை? முதலாவது, நேரம். ஆறு மணித்தியாலத்துக்கு மேல வேலை செய்தால் 30 நிமிஷ இடைவேளை சட்டப்படி உண்டு. ஆனால் அது வேலை நேரத்தில சேராது. அப்ப கொம்பனிக்காக நாங்கள் செய்யிற இந்தச் சந்திப்பு எங்கட சொந்த நேரத்தில நடக்குது. நான் முந்தி வேலை செய்த ஒரு இடத்தில, எல்லாரும் சேர்ந்து கோப்பி குடிக்கிற கிழமைக் கூட்டத்தைச் செலவு எண்டு நிப்பாட்டினவை. அடுத்த மாதமே இப்பிடி ஒரு செயலிக்குக் காசு கட்டினவை. புண்ணை உண்டாக்கிப்போட்டு பிளாஸ்டர் தாறது மாதிரி.

இரண்டாவது, தரவு. யார் யாரைச் சந்திச்சது, யார் ஒருத்தரையும் சந்திக்கேல்லை எண்டது செயலிக்குத் தெரியும். தனிமையில இருக்கிறவரின்ர பட்டியல் மேலாளரின்ர கையில கிடைச்சால் அது உதவியில்லை, கண்காணிப்பு.

மூன்றாவது, ஆர் வெளியில நிக்கினம் எண்டது. எங்கட அப்பாமார் கனபேர் வந்த புதுசில ரெஸ்ரோரண்டுகளில கோப்பை கழுவினவை. அதே குசினியில இன்னொரு தமிழ் ஆள் இருந்தால், வீடு, வேலை, வக்கீல் எல்லாம் அந்தக் கதையிலதான் கிடைச்சது. ஆரும் இல்லாத குசினியில அவர் தனியத்தான். இண்டைக்கும் குசினி, களஞ்சியம், முதியோர் இல்லத்து இரவு வேலை எண்டு நிக்கிற கனபேருக்குக் கொம்பனி மின்னஞ்சலே இல்லை. செயலி அவைக்கு வராது.

இன்னொரு பாதையும் இருக்கு: மனிசரை விட்டிட்டு சாட்பொட்டோட கதைக்கிறது. 2017இல் வந்த வோபொட் செயலியைக் கனபேர் நம்பிப் பாவிச்சவை. 2025 ஜூன் 30ஆம் தேதி அது மூடப்பட்டது. பக்கத்து மேசைக்காரர் வேலை மாறினாலும் அவருக்கு ரெலிபோன் எடுக்கலாம். மூடின செயலிக்கு எடுக்க ஏலாது.

ஆகவே அடுத்த முறை அப்பிடி ஒரு அழைப்பு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கோ. சந்திப்பு வேலை நேரத்திலயா? தரவை ஆர் பாக்கினம்? ஷிப்டில நிக்கிறவைக்கு என்ன வழி? உங்கட இடத்தில பெட்ரீப்ஸ்ராட் இருந்தால் அவையிட்டயும் கேளுங்கோ. ஊழியரின்ர நடத்தையைக் கண்காணிக்கக்கூடிய தொழில்நுட்பம் எதையும் அவையின்ர சம்மதம் இல்லாமல் கொண்டுவர ஏலாது. தொழிலக அமைப்புச் சட்டத்தின் 87ஆவது பிரிவு அதைத்தான் சொல்லுது. பதில் திருப்தி எண்டால் பதியுங்கோ, போய்ச் சாப்பிடுங்கோ.

தனிமை தாங்க ஏலாத அளவுக்குப் போனால், டெலிபோன்ஸேல்சோர்கவின் 0800 111 0 111 இரவு பகல் எந்நேரமும் இலவசம்.

உங்கட வேலையிடத்தில இது எப்பிடி ஓடுது? இந்த மடலுக்கே பதில் எழுதுங்கோ. நல்லதுகளை அடுத்த எபிசோடில பேர் சொல்லாமல் வாசிப்பம்.