பொய் வழியும் காவாத வாயிலும்

ஊரெல்லைக் கைகாட்டியை ஒருவன் திருப்பி வைத்தால் வண்டிகளெல்லாம் வழிதவறும். இணையத்தின் நிலையும் அதுவே. ‘இம் முகவரிகளுக்குரிய வழி எம்மிடமே உள்ளது’ என ஒரு வலையமைப்பு அறிவித்தால், ஏனையவை ஆராயாது நம்பும் வகையிலேயே அதன் வழிமுறை தொடக்கத்தில் அமைக்கப்பட்டது.

பாக்கித்தான் அரசு யூடியூபைத் தடைசெய்ய ஆணையிட்டது. அதனை நிறைவேற்ற, 2008 பிப்பிரவரி 24ஆம் நாள் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனம் உள்நாட்டிற்கென ஒரு பொய்வழியை இட்டது. ஆங்காங்கு நிறுவனமொன்று அதனைச் சரிபாராமல் உலகெங்கும் பரப்பியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூபு எட்டாது போயிற்று. பொய்யுரைத்தவர் ஒருவர், வாயில் காவாதவர் மற்றொருவர். இருவர் பிழையும் ஒன்றே!

இதற்கு மருந்து இல்லாமலில்லை. எம் முகவரியை எவ் வலையமைப்பு அறிவிக்கலாம் என்பதை மெய்ப்பிக்கும் ஆர்.பி.கே.ஐ. என்னும் சான்றுமுறை உண்டு. பொய்யறிவிப்புகளை வடிகட்டுமாறும் போலி முகவரிகளைத் தடுக்குமாறும் நடத்துநரைப் பிணிக்கும் ‘மான்ரசு’ உடன்பாடு 2014இலேயே தோன்றிவிட்டது. ஆயினும் சான்றைப் பதிவது பாதிப் பணியே. பிறர் சான்றைச் சரிபார்ப்பதே மறுபாதி. பூட்டுச் செய்து வைத்துப் பூட்டாது விடுதல் காவலாகுமா? தன் வாயிலைக் காப்பது பிறர்க்குச் செய்யும் உதவியன்று. நடத்துநர் ஒவ்வொருவரின் கடமை!