பீலி ஒழுகும் வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்ட்

இன்னொரு பாடசாலைக்கு ஸ்மார்ட் போர்ட் கிடைத்த படங்கள் இரண்டு நாட்களாக முகநூலில் ஓடுகின்றன. ரிபன், மாலை, அதிதிகள், பின்னால் வரிசையாகப் பிள்ளைகள். சந்தோஷம். நாமும் லைக் போட்டோம். ஆனால் அந்தப் படங்களில் ஒன்றிலாவது கூரை தெரிகிறதா என்று தேடினோம். இல்லை.

நாம் கிழக்குக் கரையோரத்தில் படிப்பிக்கிறவர்கள். எமது பாடசாலையின் பழைய கட்டடத்தில் 2019 இல் ஒரு பீலி கழன்றது. ஓர் ஓடாவியும் கையுதவிக்கு ஒருவரும் அரை நாளில் முடிக்கிற வேலை. அதிபர் கடிதம் எழுதினார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்தார். மதிப்பீடு போனது. போனது போனதுதான். அடுத்த வருடம் கொரோனா, பிறகு 2022. அதற்குள் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, கைமரம் ஊறி, கறையான் ஏறி, சிலாகைகள் கையால் பிடித்தால் உதிர்கின்றன. இன்று இரண்டு வகுப்பறைகள் பூட்டு. அந்தப் பிள்ளைகள் மண்டபத்தில் இருக்கிறார்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கணிதம், நடுவில் ஒரு திரைச்சீலை. பீலிக்குக் காசில்லை என்றவர்கள் இப்போது முழுக் கூரைக்கும் மதிப்பீடு கேட்கிறார்கள்.

"நாட்டில் காசில்லை சேர்" என்பார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு இது. எமக்கும் தெரியும், அந்த வருடம் எமது சம்பளத்துக்கு என்ன நடந்தது என்றும் தெரியும். ஆனால் கையில் காசில்லாத வீட்டுக்காரன் புது டீவி வாங்குவதற்கு முன் ஒழுக்கை அடைப்பானா இல்லையா?

கோளாறு எங்கே இருக்கிறது என்பதை வரவு செலவுத் திட்டப் புத்தகத்திலேயே பார்க்கலாம். 1303 என்பது கட்டடப் பராமரிப்பு, மீண்டெழும் செலவினம். 2104 என்பது புதுக் கட்டடம், மூலதனச் செலவினம். மீண்டெழும் செலவைக் குறை என்று மேலிருந்து சொன்னால் சம்பளத்தைத் தொட முடியாது, ஓய்வூதியத்தைத் தொட முடியாது. கத்தி விழுவது 1303 போன்ற வரிகளில்தான். அதற்காக யாரும் வீதிக்கு இறங்கப் போவதில்லை. 2104 என்றால் கல் நடலாம், கல்லில் பெயர் வெட்டலாம். பீலி மாற்றியதற்கு நினைவுக்கல் வைத்த அரசியல்வாதியை நாம் இன்னும் காணவில்லை.

வருகிற கொஞ்சமும் எப்போது வருகிறது? எமது நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. ஒதுக்கீடு இழுபட்டு இழுபட்டு ஒக்டோபர், நவம்பரில் கைக்கு வரும். கிழக்கில் அது மாரி. கொட்டுகிற மழையில் ஓட்டைக் கழற்றி வேலை செய், வருடம் முடிய முன் பற்றுச்சீட்டைத் தா என்றால் என்ன வேலை நடக்கும்? சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் சித்திரைக்குள் உரிந்துவிடும். காசு செலவாகிவிட்டது, கோப்பும் மூடப்பட்டுவிட்டது.

2004 சுனாமிக்குப் பிறகு எமது கரையோரத்தில் வெளிநாட்டு உதவியில் எத்தனை மாடிக் கட்டடங்கள் எழுந்தன! கொடுத்தவர்களுக்கு நன்றி. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த இருபது வருடம் யார் பார்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. பெற்றுக்கொண்டவர்களும் கேட்கவில்லை.

ஸ்மார்ட் போர்டும் அதே கதைதான். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம் கூடியது. பிறகு குறைத்தார்கள்தான். அந்த மாதங்களில் மின்விசிறியைப் போட அதிபர்மார் யோசித்ததை நாம் பார்த்தோம். நாளைக்கு போர்டின் லாம்போ பனலோ போனால் எந்த வரியில் காசு?

பதில் எல்லோருக்கும் தெரியும். பெற்றோர் கூட்டம் வைப்பார்கள். 1945 முதல் இலவசக் கல்வி என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, அதே பிள்ளைகளிடம் கூரைக்கும் மலசலகூடக் கதவுக்கும் காசு கொண்டுவரச் சொல்கிறோம். கடலுக்குப் போகிறவரும் வயல் கூலிக்காரரும் கொடுக்கிறார்கள், கடன் வாங்கியாவது. பழைய மாணவர் சங்கம் பலமாக உள்ள பெரிய கல்லூரிகள் தப்பிக்கும். சின்னப் பாடசாலைகளில் வகுப்பறை பூட்டப்படும், பிள்ளைகள் விலகுவார்கள், பிறகு "மாணவர் தொகை போதாது" என்று ஓர் அறிக்கை வரும்.

நாம் நவீனத்துக்கு எதிரி இல்லை. போர்ட் வரட்டும். வரும்போதே பத்து வருடப் பராமரிப்புக்கான ஒதுக்கீட்டையும் எழுதிக்கொண்டு வரட்டும். சின்னத் திருத்தங்களுக்கு அதிபர் கையில் ஒரு தொகையைக் கொடுங்கள். மாரிக்குப் பிறகல்ல, சித்திரை விடுமுறைக்கு முன். கணக்கை அறிவித்தல் பலகையில் போடச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே, அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் புதுக் கட்டடம் எப்போது என்று கேட்காதீர்கள். இந்த வருடம் எங்கள் பாடசாலையின் பராமரிப்புக்கு எவ்வளவு வந்தது, எந்த மாதம் வந்தது என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலைக் கீழே கமெண்டில் போடுங்கள். மாரிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.