மீன்கூடை எதில் போகும்?

இந்த வாரம் ஒரு சாலைப் பாதுகாப்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசியவர் படித்தவர், பெரிய பொறுப்பில் இருந்தவர். “டூவீலரைப் பொதுச் சாலையில் விடுவதே தப்பு. தடை போட்டால் பாதி சாவு நின்றுவிடும்” என்றார். முன்வரிசை கை தட்டியது. அந்தக் கைதட்டல் மூட்டிய கோபம் இன்னும் அடங்கவில்லை.

அவர் காட்டிய கணக்கு பொய்யில்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். சீனாவின் குவாங்சோ நகரம் 2007இலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தடை போட்டது. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் நடுத்தடங்களில் 2023 ஆகஸ்டிலிருந்து பைக் போக முடியாது. வண்டிகள் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் தடத்தில் பைக் வேண்டாம் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பொதுச் சாலை முழுவதிலிருந்தும் விரட்ட வேண்டும் என்றதுமே எனக்கு டிவிஎஸ் 50 மொபெட் கண்முன் வந்து நின்றுவிட்டது.

இந்த வண்டியின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 1980இல் ஓசூரிலிருந்து வந்தது. கியர் கிடையாது, மிதித்தே கிளப்பலாம், இரண்டு பேர் ஏறலாம். நம் ஜனங்கள் அதைக் குட்டி லாரி ஆக்கிக்கொண்டார்கள். முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை நிற்கும். பின் சீட்டைக் கழற்றினால் பால் கேன், வாழைத்தார், புல்லுக்கட்டு, பிளாஸ்டிக் குடங்கள், எதுவும் ஏறும். விடியற்காலை கடற்கரையில் ஏலம் எடுத்த மீன் பத்து மணிக்குள் உள்நாட்டுக் கிராமத்துத் தெருவில் விலைபோவது இந்த வண்டியால்தான். ஐஸ் உருகுவதற்குள் விற்றாக வேண்டிய சரக்கு அது.

அப்படி விற்கிற ஒரு அண்ணாச்சியிடம் பஸ்ஸில் போகலாமே என்று கேட்டிருக்கிறேன். “கூடைய ஏத்த விடமாட்டாங்க சார்” என்றார். 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் நாற்றம் என்று சொல்லி ஒரு மூதாட்டியை அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சரே கண்டிக்கும் அளவுக்குப் போன விஷயம். பஸ்ஸிலும் ஏற்றமாட்டோம், வண்டியும் ஓட்டக்கூடாது என்றால், அந்தக் கூடை எதில் போகும்? தடை கேட்கிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நாலுவழிச் சாலைகளை நாம் போடும் விதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஊரை இரண்டாகப் பிளந்து நடுவில் தடுப்பு கட்டுகிறோம். சர்வீஸ் ரோடு பாதியில் நின்றுவிடுகிறது. எதிர்ப்பக்கத்து வயலுக்குப் போக, திரும்பும் இடம் எங்கோ தொலைவில். அதனால் வண்டிக்காரர்கள் எதிர்த்திசையில் ஓரமாக வருகிறார்கள், லாரியில் அடிபடுகிறார்கள். காவல்துறைப் பதிவில் அது ஓட்டியவரின் தவறு. சாலையை வரைந்தவரின் பெயர் அதில் வராது. ஹெல்மெட் கட்டாயம் போடட்டும், பின்னால் உட்காருகிறவரும் போடட்டும். அதில் எனக்குத் துளி இரக்கமும் இல்லை. ஆனால் பாதையே இல்லாத இடத்தில் ஹெல்மெட் எவ்வளவுதான் காப்பாற்றும்?

மலேசியா வேறு வழியில் யோசித்தது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் போகும் ஃபெடரல் நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனித் தடம் போட்டார்கள். கார்களோடு கலக்காமல், சந்திப்புகள் வரும் இடங்களில் சிறு சுரங்கத்துக்குள் புகுந்து அது போகிறது. அங்கும் விபத்துகள் இல்லாமல் இல்லை. ஆனால் பைக்கில் வேலைக்குப் போகிறவனுக்கும் சாலையில் பங்கு உண்டு என்று அந்த அரசு ஒப்புக்கொண்டது. நாம் இப்போது ஆறுவழிக்கு விரிக்கும் சாலைகளில் நிலம் எடுக்கும்போதே ஓரத்தில் எட்டடி சேர்த்து எடுங்கள். சுங்கம் வசூலிக்கத் தொடங்கும் முன்பே சர்வீஸ் ரோட்டை முடித்துக் கொடுங்கள்.