கினிக்கோழியின் நிறம் கெடாமல் காத்தல்

கினிக்கோழிகளின் நிறம் தலைமுறைக்குத் தலைமுறை மங்குவதற்கு வெயிலையும் தீவனத்தையும் குறை கூறுவோர் உளர். விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக் கரிசற் பூமியில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆயினும் குற்றம் பெரும்பாலும் இணைசேர்க்கையிலேயே இருக்கிறது.

பரேலியை அடுத்த இஸத்நகரில் 1979-ல் நிறுவப்பட்ட மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் காதம்பரி, சிதம்பரி, ஸ்வேதாம்பரி என மூன்று ரகங்களை வெளியிட்டிருக்கிறது. முதலாவது கருஞ்சாம்பல் மேனியில் முத்துப் புள்ளி உடையது, அடுத்தது வெளிர்நீலச் சாம்பல், பின்னது வெள்ளை. முத்துப் புள்ளிச் சேவலை வெள்ளைப் பெட்டையுடன் விட்டால் குஞ்சுகளுக்கு நெஞ்சிலும் சிறகிலும் வெள்ளைத் திட்டு விழும். அக்கலப்பைக் கண்ணாற் கண்டே கழித்துவிடலாம். சாம்பல் நிறத்துடன் கலப்பதே வஞ்சகமானது. முதல் தலைமுறை முழுதும் முத்துப் புள்ளியாகவே தோன்றும். உடையவர் சுத்த ஜாதியென்று நம்பி விற்பார். வாங்கியவர் அவற்றையே தம்முள் இணைக்க, சராசரியாக நான்கில் ஒன்று வெளிறிப் பிறக்கும்.

சந்தேகமான சேவலைச் சாம்பற் பெட்டைகளுடன் தனியே அடைத்துப் பரீக்ஷித்தல் சிலாக்கியம். அதற்குமுன் மூன்று வாரமேனும் அப்பெட்டைகளைப் பிற சேவல்களினின்று பிரித்து வைக்க வேண்டும். முட்டை 26 முதல் 28 நாளில் பொரியும். பத்துக் குஞ்சும் முத்துப் புள்ளி ஜாதியாயின் சேவலை நம்பலாம். ஒன்று வெளிறினாலும் அதைக் கறிக்கு விடுவதே முறை.

வெறுங் கம்பும் சோளமும் தின்ற குஞ்சுக்கு இறகு நலிந்து பொலிவின்றி நிற்கும் என்பது மெய்தான். பூசணம் பிடியாத கடலைப் பிண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் அக்குறையை நீக்கும். வித்தில் இல்லாத நிறத்தை எத்தீவனமும் தராது.

இப்பறவை வேலிக்கு அடங்காது. அயலார் காட்டில் மேய்ந்து மரத்தில் அடையும். ஆகையால் ஒரு குடியானவர் தனித்துச் செய்யும் பிரயத்தனம் வீணே. ஓர் ஊரில் ஒரே நிறம் என்று கிராம உத்தியோகஸ்தர்கள் ஊரைக் கூட்டி ஏற்பாடு செய்வது தகும். விரும்பிய நிறத்தை வளர்க்கத் தடையேது என்பார் கூரைவலையிட்ட கூண்டில் வளர்க்கட்டும்.

வெடி சோதிக்கும் இடங்களுக்கு அருகே இனப்பெருக்கக் கூண்டு அமைப்பது தவறு. திடீர் ஓசைக்கு அஞ்சிய குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து மூச்சடைத்து மடியும்; மூலைகளைத் தட்டியால் வளைத்து மறைக்க வேண்டும். பட்டாசுச் சாலைக் கழிவுக் காகிதத்தையும் படுக்கைக்கு விரிக்கலாகாது. அதில் மருந்துத் தூள் ஒட்டியிருக்கக்கூடும்.