போன் இருக்குல்ல மச்சி, பாத்துக்கலாம்!

முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலையேறக் கிளம்பும் எந்தக் கூட்டத்திலும் இந்த வசனத்தைப் பேச ஒருத்தன் இருப்பான். எங்க வகுப்பில் நாலு பேர் இருக்காங்க. செமஸ்டர் லீவில் மேற்குத் தொடர்ச்சி மலையில் ரெண்டு ராத்திரி தங்கப் போறாங்களாம். வழிகாட்டி வேண்டாம், டார்ச் வேண்டாம், கையில் காசுகூட வேண்டாம். எல்லாம் போனில் இருக்காம். அடப்பாவிகளா!

மக்களே, நாமெல்லாம் காமர்ஸ் படிக்கிறவங்க. மொத்தச் சொத்தையும் ஒரே ஐட்டத்தில் போட்டு, அதுக்குத் தேய்மானமும் காட்டாத ஒரு கணக்கை எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போட்டுத் தருவாரா? வரைபடம், திசைகாட்டி, விளக்கு, கடிகாரம், பர்ஸ், உதவிக்குக் கூப்பிட ஒரே வழி... அத்தனையும் ஒரே பேட்டரியில் ஓடுது. அது படுத்தால் எல்லாம் படுத்துடும்.

மலையில் அது சீக்கிரமே படுக்கும். லித்தியம் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. அதோட டவர் கிடைக்காத இடத்தில் போன் சும்மா இருக்காது, விடாமல் தேடிக்கிட்டே இருக்கும். காலேஜ் கேன்டீனில் ராத்திரி வரைக்கும் தாங்குற போன் காட்டில் சாயங்காலத்துக்கே மூச்சை விடலாம். பிளைட் மோடில் போட்டால் தாங்கும், அப்பவும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனா வரைபடத்தை முன்னாடியே இறக்கி வைக்கலைன்னா வெறும் சாம்பல் திரையில் ஒரு நீலப் புள்ளிதான் தெரியும். அடர்ந்த மரத்துக்கு அடியிலும் பள்ளத்தாக்கிலும் அந்தப் புள்ளியும் கொஞ்சம் அலையும். மலைக் கிராமத்துல சிக்னல் இல்லாத டீக்கடையில் யூபிஐ காட்டி என்ன பண்ணப் போறீங்கன்னு நான் கேட்கலை. ஹி ஹி.

சரி, பேட்டரி ஃபுல், வரைபடமும் இருக்குன்னே வைத்துக்கொள்வோம். 2021 ஜூலையில் ஸ்காட்லாந்து மலையேற்ற அமைப்புகள் ஓர் எச்சரிக்கை விட்டன. பென் நெவிஸ் உச்சிக்கு கூகுள் மேப்ஸ் காட்டிய வழி, பழகினவங்களுக்கே உயிருக்கு ஆபத்தானது என்று. அதே வருஷம் அக்டோபரில் அமெரிக்காவில் மவுன்ட் எல்பர்ட்டில் ஒருத்தர் வழி தவறிட்டார். மீட்புக் குழு திரும்பத் திரும்ப போன் பண்ணியும் எடுக்கலை. தெரியாத நம்பராம்! நல்லவேளை, மறுநாள் காலையில் தானே வந்து சேர்ந்துட்டார்.

செல்ஃபி கதை இன்னும் மோசம். 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை செய்திகளில் வந்த செல்ஃபி மரணங்களைத் தொகுத்து 2018ல் ஓர் ஆய்வு வந்தது. உலகம் முழுக்க 259 பேர். அதில் அதிகம் நம்ம நாட்டில்தான். பாறை விளிம்பில் நிற்கிறவனுக்குக் கண்ணு திரையில இருக்கு, காலு எங்கே இருக்குன்னு யார் பார்ப்பாங்க?

ஆனா என் கோபம் பேட்டரி மேலயோ கேமரா மேலயோ இல்லை. இன்சூரன்ஸ் பாடத்தில் மாரல் ஹசார்டுன்னு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? பாலிசி இருக்குங்கிற தைரியத்தில் கவனம் குறையிறது. போன் பண்றது அதேதான். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்ப வேண்டியவன், டார்ச் இருக்குன்னு இன்னும் ஒரு முகடு ஏறுறான். ஊர்க்காரர்கிட்ட வழி கேட்க வேண்டியவன், ஆப் இருக்குன்னு கேட்காமல் போறான். ஆபத்துன்னா 112 இருக்கேன்னு சொல்றான். எந்தக் கம்பெனி டவராவது எட்டினால்தானே அந்த அழைப்பே போகும்! (சாட்டிலைட் போன் வாங்கலாம்னு ஒரு மேதை யோசனை சொன்னான். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் போலீஸ் கேஸ், தம்பி.)

2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீ மறந்துடுச்சா? 20க்கும் மேற்பட்டவர்கள் போனாங்க. அதுக்கு போன் காரணம் இல்லை, உண்மைதான். ஆனா காடு எப்போ பத்தும், யானை எந்தப் பக்கம் நடமாடுதுன்னு அங்கே புழங்குறவங்களுக்குத்தான் தெரியும். நம்ம ஆப்புக்குத் தெரியாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 பாதைகளை அறிவிச்சு, உள்ளூர் பழங்குடி மக்களையே வழிகாட்டிகளாப் பயிற்சி கொடுத்து அனுப்புது. அதில் போறதுக்கு என்ன கேடு? "ரீல்ஸ்ல எல்லாரும் போற இடம், போரடிக்கும்"னு பதில் வருது. நீங்களும் ரீல்ஸ் போடத்தானேடா போறீங்க?

போனைத் தூக்கி எறியச் சொல்லலை. எடுத்துட்டுப் போங்க, அணைச்சுப் பையில் வைங்க. கூடவே ஒரு பத்து ரூபாய் விசில், ஒரு டார்ச், கொஞ்சம் சில்லறை. முக்கியமா எந்த வழியில் போறீங்க, எப்போ திரும்புவீங்கன்னு ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்க. நாலு பேரில் ஒருத்தன் வீட்டில் இன்னும் "நண்பன் கல்யாணம்"னுதான் சொல்லி வச்சிருக்கான். அவன் வழி தவறினால் அவங்க அப்பா கல்யாண மண்டபத்திலதான் போய்த் தேடுவார்.