விசைத்தறிக் கொள்கை பற்றிய ஆய்வுகள் எங்கே கிடைக்கும்? பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தேடல்

திருத்தணியை அடுத்த பொதட்டூர்பேட்டை, விசைத்தறியை நம்பி வாழும் ஊர். இந்தத் தறிகளைத் தொடும் அரசு முடிவுகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, மாநில அரசின் இலவச மின்சாரம். விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்தது, 2023-ல் 1,000 யூனிட் ஆனது. இன்னொன்று, மத்திய அரசின் 1985-ம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம். முதலில் 22 ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என ஒதுக்கியது. இப்போது 11 ரகங்கள்.

மின்சாரச் சலுகையின் பலன் தறி உரிமையாளரோடு நின்றுவிடுகிறதா, கூலிக்கு நெய்பவருக்கும் போய்ச் சேர்கிறதா? டீக்கடையில் ஆளுக்கொரு பதில் வரும். ஆதாரம் வேண்டுமென்றால் ஆய்வுகளைத் தேடித்தான் ஆக வேண்டும்.

சந்தா கட்டாமல் படிக்க முடியுமா?

பெரிய ஆய்விதழ்களில் ஒரு கட்டுரைக்கே ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். இதற்காகத்தான் 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25-ல் ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி, 30 பதிப்பாளர்கள், சுமார் 13,000 இதழ்கள். 6,300-க்கும் மேற்பட்ட அரசு கல்வி, ஆய்வு நிறுவனங்கள் இதன் வரம்பில் வருகின்றன.

ஆனால் ஒரு சிக்கல். முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்களில் படிப்பவர்களுக்கும் பணிபுரிபவர்களுக்கும்தான் அனுமதி. நெசவாளரின் மகள் அரசுக் கல்லூரியில் படித்தால், கல்லூரி பதிவு செய்திருக்கும்பட்சத்தில், அவர் படிக்கலாம். தறி ஓட்டும் அப்பாவால் முடியாது. பொது நூலகத்துக்குப் போனாலும் இந்தத் திட்டத்தில் வழி இல்லை.

அப்போ மற்றவர்களுக்கு?

வழி இருக்கிறது. 'ஷோத்கங்கா' இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசம். தமிழில் எழுதியவையும் உண்டு. தமிழக சட்டமன்றத்தில் கைத்தறித் துறை ஆண்டுதோறும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு, அரசு இணையதளத்திலேயே கிடைக்கும். நாடாளுமன்ற மின்நூலகத்தில் நிலைக்குழு அறிக்கைகளைப் பார்க்கலாம்.

நேரில் போக முடிந்தால் சென்னை எழும்பூரில் 1896-ல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம். 1954-ம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேரும் நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று. அடையாறில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகம் பொருளாதார ஆய்வுகளுக்குப் பெயர் பெற்றது. முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போவது நல்லது.

தேடியும் ஏன் கிடைப்பதில்லை?

ஊர்ப் பெயரை மட்டும் போட்டுத் தேடுவதால்தான். திருவள்ளூர் மாவட்டம் உருவானதே 1997-ல். அதற்கு முன் இந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டம். 1960 ஏப்ரல் 1-க்கு முன் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். சித்தூர் 1911-ல் உருவாவதற்கு முன் வட ஆற்காடு. எந்தக் கால ஆவணம் வேண்டுமோ, அந்தக் கால மாவட்டப் பெயரைப் போட வேண்டும். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் 'பொதட்டூர்பேட்', 'பொடத்தூர்பேட்டை' என்று பல விதமாக எழுதிப் பார்ப்பதும் பலன் தரும்.

கிடைத்ததை எப்படி நம்புவது?

மூன்று விஷயங்களைப் பாருங்கள். கள ஆய்வு எந்த ஆண்டு நடந்தது? எத்தனை பேரிடம் பேசினார்கள்? அதில் கூலிக்கு நெய்பவர்கள் எத்தனை பேர்? 2023-க்கு முந்தைய ஆய்வு, 1,000 யூனிட் சலுகை பற்றி எதையும் சொல்ல முடியாது. அரசுக் குறிப்பில் எவ்வளவு செலவானது என்பது இருக்கும். அது யார் கைக்குப் போனது என்பதற்குக் கள ஆய்வைத்தான் பார்க்க வேண்டும்.

கூலி உயர்வுப் பேச்சுவார்த்தையில் உட்காரும்போது இந்த வித்தியாசம் பெரிது. எதிரில் இருப்பவர் ஒரு புள்ளிவிவரத்தை எடுத்து வைத்தால், அது எந்த ஆண்டு எடுத்தது, யாரிடம் கேட்டது என்று திருப்பிக் கேட்க முடியும்.